காரைக்குடி பக்கம் குடியை விட்டவர்கள் கூடும் கூட்டம் எங்கே நடக்கிறது?

கவுனி அரிசி எழுதியது:

வணக்கம். சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் இந்த வட்டாரத்துக்குள் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம், ஏ.ஏ. மீட்டிங் என்று சொல்வார்களே அது, எங்காவது நடக்கிறதா? போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

எனக்கு வயது 39. கல்யாணச் சமையல் செட்டில் இருக்கிறேன். பதினேழு வயதில் கரண்டி பிடித்தவன். எங்கள் வேலை தெரிந்தவர்களுக்குத் தெரியும், முதல்நாள் சாயங்காலம் அடுப்பு மூட்டினால் மறுநாள் மதியப் பந்தி எழுந்திருக்கிற வரை படுக்கை கிடையாது, நடுராத்திரி ரெண்டு மணிக்குக் கண் சொருகும்போது யாராவது ஒரு கட்டிங்கை நீட்டுவார்கள், அப்படி ஆரம்பித்ததுதான். கடைசி நாலு வருஷம் காலையில் ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் கத்தி பிடிக்கிற கை நிற்கும் என்கிற நிலைமை. டாஸ்மாக் பன்னிரண்டு மணிக்குத் திறக்கும், எனக்கு ஆறு மணிக்கு வேண்டும், அதற்கென்று எங்கே யாரிடம் போய் நின்றேன் என்பதை இங்கே எழுதவில்லை.

போன மாதம் மதுரையில் ஒரு மருத்துவமனையில் பதினெட்டு நாள் இருந்துவிட்டு வந்தேன். கடைசியாகக் குடித்து இன்றோடு 26 நாள். அங்கே இருந்தபோது ரெண்டு தடவை சாயங்காலம் ஏ.ஏ.காரர்கள் வந்து பேசினார்கள். புத்தி சொல்லவில்லை, அவரவர் கதையைச் சொன்னார்கள், ஒருத்தர் தன் மகள் காதுகுத்துக்கு வைத்திருந்த தோட்டைக் கொண்டுபோய் அடகு வைத்ததைச் சொன்னபோது எனக்கு வியர்த்துவிட்டது. கிளம்பும்போது டாக்டர் சொன்னது, மாத்திரை பாதி, கூட்டம் பாதி, ஊருக்குப் போய்க் கூட்டத்தைத் தேடிப் பிடி என்று. மதுரைக்கு இங்கிருந்து பஸ்ஸில் போக ரெண்டு மணி நேரத்துக்கு மேல், வர அதே அளவு. வாரா வாரம் நடக்கிற காரியமா?

இப்போது ஆடி, முகூர்த்தம் இல்லை, வீட்டில் சும்மா இருக்கிறேன். ஆவணியில் கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கு ஒத்துக்கொண்டிருக்கிறேன், 800 இலை. அதை நினைத்தால்தான் பயம். அதற்குள் ஒரு பிடிப்பு வேண்டும்.

இன்னும் சில சந்தேகம். பணம் கட்ட வேண்டுமா? பெயர், விலாசம் கேட்பார்களா? இது கிறிஸ்தவக் கூட்டம் என்று ஒருத்தர் சொன்னார், அப்படியா? என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள், நான் அங்கே போவது ஊருக்குத் தெரிந்தால் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு என்ன ஆகும் என்று ஒரு யோசனை. அப்புறம் என் மாமியார் ஏதோ விளம்பரம் பார்த்து குடியை மறக்கடிக்கும் பொடி ஒன்று வாங்கி வைத்திருக்கிறார், எனக்குத் தெரியாமல் குழம்பில் கலப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் சமையல்காரன், ஒரு கல் உப்பு கூடினாலே எனக்குத் தெரியும். பாவம் என்று பேசாமல் சாப்பிட்டேன். அது சரியா?

கோவிலூர் ரோடு எழுதியது:

தம்பி, 26 நாள் என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த எண்ணை விடாதீர்கள். எனக்கு 11 வருஷம் ஆகிறது, இன்றைக்கும் நாளாகத்தான் எண்ணுகிறேன்.

கேட்டதற்கு முதலில் பதில். பணம் கிடையாது, சந்தா கிடையாது. கூட்டம் முடிகிறபோது ஒரு டப்பாவோ தட்டோ சுற்றி வரும், டீக்கும் இட வாடகைக்கும் ஆகும், போட்டால் போடலாம், இல்லாவிட்டால் அடுத்தவரிடம் தள்ளிவிடலாம். வெளியாள் நன்கொடை கொடுத்தால்கூட ஏ.ஏ. வாங்காது. விலாசம் கேட்கமாட்டார்கள். பெயர் என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்களோ அதுதான் பெயர். சேருவதற்கு ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை. நிறுத்தியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை, ஆசை இருந்தால் போதும்.

கூட்டத்தில் ரெண்டு வகை உண்டு. ஓபன் மீட்டிங்குக்கு மனைவி, அண்ணன் தம்பி, யார் வேண்டுமானாலும் கூட வரலாம். குளோஸ்டு மீட்டிங் என்றால் குடிநோயாளிகள் மட்டும். முதல் தடவை போகுமுன் எந்த வகை என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள், நான் கேட்காமல் என் மைத்துனரைக் கூட்டிக்கொண்டு போய் அவரை ஒன்றரை மணி நேரம் வாசலில் நிற்க வைத்தவன்.

தேடுவது எப்படி என்றால், நீங்கள் இருந்த மருத்துவமனைக்கே ஒரு போன் போடுங்கள். அங்கே வந்து பேசினார்களே, அந்த ஆட்களின் தொடர்பு வார்டில் இருக்கும். ஒரு ஏ.ஏ.காரரைப் பிடித்துவிட்டால் அப்புறம் பக்கத்து ஊர் குரூப் எல்லாம் தானாக வந்துவிடும், எங்களுக்குள் அப்படித்தான். ஏ.ஏ.வின் இந்திய அலுவலகம் மும்பையில் இருக்கிறது, அவர்கள் இணையதளத்தில் ஊர்வாரியாகத் தேடலாம், ஆனால் சின்ன ஊர்க் கூட்டங்கள் இடம் மாறும், நாள் மாறும், அதனால் பட்டியலை நம்பிப் பஸ் ஏறாதீர்கள், போன் பண்ணிவிட்டு ஏறுங்கள். தமிழிலேயே ஜூமில் கூட்டம் நடக்கிறது, கொரோனா சமயத்தில் பெருகியது, இப்போதும் இருக்கிறது. ஆடி முடிகிற வரை தினம் ஒன்று கேளுங்கள், வீடியோவை அணைத்துவிட்டுக் கேட்கலாம். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். நேரில் போய் உட்காருவது வேறு.

இனி ஊர்ப் பயம். என் கதையைச் சொல்கிறேன். காரைக்குடியில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று நான் முதல் எட்டு மாதம் திருச்சிக்குப் போனேன். ஆமாம், திருச்சிக்கு. வீட்டில் இரும்புக் கடைச் சாமான் வாங்கப் போகிறேன் என்று பொய், குடித்த காலத்தில் சொன்ன அதே பொய். மூன்றாவது கூட்டத்திலோ நான்காவதிலோ எனக்கு முன் வரிசையில் ஒரு தலை பார்த்த மாதிரி இருந்தது. திரும்பினார். எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருப்பவர், அவரும் காரைக்குடிக்குப் பயந்து திருச்சிக்கு வந்தவர்! ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸில் திரும்பி வந்தோம், புதுக்கோட்டை வரை பேசவில்லை, அதற்கப்புறம் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மகள் விஷயம் நியாயமான கவலைதான். ஆனால் காலை ஆறு மணிக்கு நீங்கள் எங்கே நின்றீர்கள் என்பது ஊருக்கு ஏற்கனவே தெரியும் தம்பி, ஊருக்குத் தெரியாது என்று உங்களுக்குத்தான் நினைப்பு.

எனக்குத் தெரிந்த கூட்டத்தின் இடத்தைப் பொதுவில் எழுதமாட்டேன், தனிச்செய்தி அனுப்புகிறேன். முதல் நாள் நானே வந்து பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன்.

பழனி நடை எழுதியது:

எல்லோரும் கூட்டம் கூட்டம் என்கிறீர்கள். எங்கள் பெரியப்பா இருபது வருஷக் குடிகாரர், தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து காவடியோடு பழனிக்கு நடந்தார், அதோடு விட்டார். முருகனை விடப் பெரிய டாக்டரா? ஒரு மாலையைப் போட்டுக்கொண்டு மண்டலம் விரதம் இருந்தால் முடிந்தது. வட்டமாக உட்கார்ந்து நான் குடிகாரன் நான் குடிகாரன் என்று சொல்லிக்கொள்வது வெள்ளைக்காரன் பழக்கம். தப்பாக நினைக்க வேண்டாம், மனதில் பட்டதைச் சொன்னேன்.

வார்டு சிஸ்டர் எழுதியது:

மாலையைப் பற்றிச் சண்டை போட வரவில்லை, நானும் கொப்புடையம்மனுக்கு விளக்குப் போடுகிறவள்தான். ஆனால் ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும், இதைப் படிக்கிற யாருக்காவது உயிர் விஷயமாக இருக்கலாம்.

தினமும் குடிக்கிறவர், அதிலும் காலையில் குடித்தால்தான் நடுக்கம் நிற்கும் என்ற நிலையில் இருப்பவர், வீட்டிலேயே திடீரென்று நிறுத்தக் கூடாது. மாலை போட்ட மூன்றாம் நாள் சாமி வந்துவிட்டது என்று தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள் எங்கள் வார்டுக்கு. சாமி இல்லை. கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை, வாந்தி ஆரம்பிக்கும். முதல் ரெண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். ரெண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத ஆள் தெரியும், உடம்பில் பூச்சி ஊர்வதாகத் தட்டிக்கொண்டே இருப்பார்கள், காய்ச்சல் ஏறும். கவனிக்காவிட்டால் செத்துப்போவார்கள், பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இதற்கு மருந்து இருக்கிறது, மருத்துவமனையில் சில நாளில் அடங்கிவிடும், தயமின் என்கிற பி1 வைட்டமின் ஊசியும் போடுவோம், இல்லாவிட்டால் மூளை பாதிக்கும். வலிப்பு, குழப்பம் என்றால் யோசிக்காமல் 108.

கவுனி அரிசி அண்ணன் முறையாக மருத்துவமனையில் இருந்து நிறுத்தியவர், அதனால் அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. உங்களுக்கு நான் சொல்ல வந்தது அந்தப் பொடி. உடனே நிறுத்துங்கள். பொடி என்று விற்கிறதில் என்ன இருக்கிறது என்று பாக்கெட்டில் இருக்காது. குடியை நிறுத்த டாக்டர்கள் தருகிற டைசல்ஃபிரம் என்று ஒரு மாத்திரை உண்டு, அதைச் சாப்பிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி, நெஞ்சு படபடப்பு, பிரஷர் இறங்கி ஆள் சரிந்துவிடும். அதனால்தான் நோயாளிக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, ஈரல் பரிசோதனை பார்த்துத் தருவார்கள். நிறுத்தின பிறகும் ரெண்டு வாரம் வரை உடம்பில் வேலை செய்யும். அதையோ அந்த மாதிரி எதையோ யாருக்கும் தெரியாமல் குழம்பில் போட்டு, அவர் வெளியே போய்க் குடித்தால் என்ன ஆகும் என்று உங்கள் மாமியாரிடம் சொல்லுங்கள். பாவம் என்று பேசாமல் சாப்பிடுவது பாசமில்லை அண்ணே. பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போய் உங்கள் டாக்டரிடமே காட்டுங்கள்.

மதுரைக்குத்தான் போக வேண்டும் என்றும் இல்லை. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, காரைக்குடி அரசு மருத்துவமனையில் கேட்டால் மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர் எந்தக் கிழமை எங்கே பார்க்கிறார் என்று சொல்வார்கள். போனில் பேச 14446, போதைக்கென்றே உள்ள இலவச எண். மனசு உடைந்து ராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416, டெலி மானஸ், தமிழில் பேசலாம், எந்த நேரமும்.

தேவகோட்டை ஆச்சி எழுதியது:

தம்பி, உங்களுக்குச் சொல்வதை விட உங்கள் வீட்டுக்காரிக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. என் வீட்டுக்காரர் குடித்த பதினாறு வருஷமும் நான் செய்தது என்ன தெரியுமா? பாட்டிலைத் தேடிக் கண்டுபிடித்துக் கொல்லையில் கொட்டுவது. முகப்பில் விருந்தாளி உட்கார்ந்திருக்க, வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் அவர் விழுந்து கிடக்க, அவருக்குக் காய்ச்சல் என்று சொல்லி எல்லோரையும் அனுப்புவது. பங்காளி வீட்டில் முன்னோருக்குச் செய்கிற படைப்புக்கு ஒரு வருஷம் போகவில்லை, அதற்கு நான் சொன்ன காரணத்தை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. அவருடைய குடி அவருக்கு, அதை மறைக்கிற வேலை எனக்கு. எனக்கு பிபி வந்தது, அவருக்கு வரவில்லை.

குடிக்கிறவர்கள் வீட்டாருக்கென்று அல்-அனான் என்று தனியாக ஒன்று இருக்கிறது. 1951-லேயே அமெரிக்காவில் குடிநோயாளிகளின் மனைவிமார் சேர்ந்து ஆரம்பித்தது. நான் போனில்தான் கேட்கிறேன், மதியம் எல்லோரும் படுத்த பிறகு பட்டாலையில் உட்கார்ந்து காதில் மாட்டிக்கொள்வேன். அங்கே முதலில் கேட்டது மூன்று விஷயம். குடிக்கு நான் காரணம் இல்லை, என்னால் அடக்க முடியாது, என்னால் குணப்படுத்தவும் முடியாது. இதைக் கேட்டு அன்றைக்கு நான் அழுத அழுகை. பதினாறு வருஷமாக என் சமையலில்தான் ஏதோ குறை, அதனால்தான் குடிக்கிறார் என்று மாமியார் சொன்னதை நான் நம்பியிருந்தேன்.

உங்கள் மாமியாரைத் திட்டாதீர்கள். பொடியை வாங்கிக் கொடுத்த அந்தக் கைதான் உங்கள் பெண்ணையும் இந்த நாலு வருஷம் பார்த்துக்கொண்டிருக்கும்.

இன்னொன்று, இது அனுபவத்தில் சொல்வது. குடியை நிறுத்துகிற மையம் என்று போர்டு போட்ட எல்லா இடமும் ஒன்றல்ல. என் வீட்டுக்காரரை முதலில் ஒரு தனியார் மையத்தில் சேர்த்தோம், பெயர் வேண்டாம், காரில் வந்து கையைக் கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள், மூன்று மாதம் பார்க்க விடவில்லை, திரும்பி வந்தபோது முதுகில் அடையாளம். வந்த அன்றே குடித்தார். 2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டப்படி இந்த மாதிரி இடமெல்லாம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டுமாம், இது எனக்கு அப்புறம்தான் தெரியும். சேர்க்கும் முன் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், தயங்கினால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

கோவிலூர் ரோடு எழுதியது:

பழனி நடைக்கு: உங்கள் பெரியப்பாவைக் கும்பிடுகிறேன். உண்மையாகத்தான் சொல்கிறேன். மாலை போட்டு விட்டவர்களை நானும் பார்த்திருக்கிறேன். மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே கடைக்கு ஓடியவர்களையும் பார்த்திருக்கிறேன், நானே மூன்று வருஷம் அப்படி ஓடியவன். மண்டலம் முழுக்க எத்தனை நாள் மிச்சம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். சாமிக்குக் கொடுத்த வாக்கு 48 நாளைக்குத்தானே, 49-ஆம் நாளைக்கு யாரிடமும் வாக்குக் கொடுக்கவில்லையே என்று ஒரு கணக்கு. ஏ.ஏ.வில் ஆயுள் முழுக்க விடு என்று யாரும் கேட்பதில்லை, இன்றைக்கு மட்டும் குடிக்காதே என்பார்கள். நாளையை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு அது பிடித்தது.

மதம் பற்றி. கூட்டம் பல ஊர்களில் சர்ச் அறையிலோ பள்ளிக்கூட அறையிலோ நடக்கும், காரணம் சாயங்காலம் காலியாக இருக்கும், வாடகை குறைவு, அவ்வளவுதான். ஏ.ஏ.வில் நாங்கள் பின்பற்றுகிற பன்னிரண்டு படிகளில் கடவுள் என்று வரும், ஆனால் அவரவர் புரிந்துகொண்ட கடவுள் என்றுதான் இருக்கிறது. எங்கள் குரூப்பில் பிள்ளையார்பட்டிக்குப் போகிறவர் இருக்கிறார், தொழுகைக்குப் போகிறவர் இருக்கிறார், கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர் இருக்கிறார், அவர் இந்தக் குரூப்தான் என் கடவுள் என்று சொல்லிவிட்டு டீ ஆற்றப் போய்விடுவார்.

வெள்ளைக்காரன் ஆரம்பித்தது என்பது நிஜம். ஆனால் எப்படி ஆரம்பித்தது என்று கேளுங்கள், கவுனி அரிசி தம்பிக்கு இது பிடிக்கும். 1935 மே மாதம், நியூயார்க்கைச் சேர்ந்த பில் வில்சன் என்பவர் வியாபார விஷயமாக ஆக்ரான் என்ற ஊருக்குப் போகிறார், காரியம் தோற்றுவிடுகிறது. குடியை விட்டுச் சில மாதம்தான் ஆகியிருக்கிறது. ஓட்டல் வராந்தாவில் நிற்கிறார், ஒரு பக்கம் பார், சத்தம் கேட்கிறது, இன்னொரு பக்கம் போன். தெரியாத ஊர். பாருக்குள் போகாமல் இருக்க அவர் செய்த காரியம், அங்கே இருந்த சர்ச் பட்டியலைப் பார்த்துப் போன் போட்டு, இந்த ஊரில் என்னை மாதிரிக் குடிகாரன் யாராவது இருக்கிறானா, நான் பேச வேண்டும் என்று கேட்டது. அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப், ஒரு அறுவை சிகிச்சை டாக்டர். பதினைந்து நிமிஷம் தருகிறேன் என்று வந்தவர் ஆறு மணி நேரம் பேசினார். ஜூன் 10-ஆம் தேதி காலை அவருக்கு ஒரு ஆபரேஷன், கை நடுங்குகிறது, நடுக்கம் நிற்க பில்லே ஒரு பாட்டில் பீர் கொடுத்தார். அதுதான் டாக்டர் பாப் குடித்த கடைசி. அந்தத் தேதியைத்தான் ஏ.ஏ. பிறந்த நாள் என்கிறோம்.

கத்தி பிடிக்கிற கை நடுங்கியது உங்களுக்கு மட்டும் இல்லை தம்பி.

புதுவயல் 4 எழுதியது:

இதை நாலு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் நிறுத்தவில்லை. நான் வரலாமா?

வார்டு சிஸ்டர் எழுதியது:

வாருங்கள். ஆனால் தினமும் குடிக்கிறவர் என்றால் முதலில் டாக்டர், நீங்களாக நிறுத்திவிட்டு நாலு நாள் கழித்து வராதீர்கள். காலையில் நடுக்கம் உண்டா? தனிச்செய்தியில் சொல்லுங்கள்.

கோவிலூர் ரோடு எழுதியது:

ஆசை இருந்தால் போதும் என்று மேலே எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ரெண்டு பேர் போகிறோம், மூன்று பேராகப் போவோம். குடித்துவிட்டு வந்தாலும் உட்காரலாம், பேசாமல் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

கவுனி அரிசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். 41 நாள்.

மூன்று கூட்டம் போய்விட்டேன். முதல் நாள் கோவிலூர் ரோடு அண்ணன் சொன்ன மாதிரியே பஸ் ஸ்டாண்டில் நின்றார். உள்ளே ஏழு பேர். பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் பன்னிரண்டு படி எழுதிய துணி, டீ. டீ ரொம்ப மோசம், அதை இப்போது நான் போடுகிறேன், அதனால் அரை மணி முன்னாலேயே போக வேண்டியிருக்கிறது. முதல் நாள் நான் பேசவில்லை. ரெண்டாம் நாள் பெயர் சொன்னேன், குடிநோயாளி என்று சொன்னேன், அதற்கப்புறம் வார்த்தை வரவில்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அங்கே ஒருவரைப் பார்த்தேன், அவர் வீட்டு அறுபதாம் கல்யாணச் சாந்திக்கு நான்தான் சமைத்தேன், ரெண்டு பேரும் பார்த்துக்கொண்டோம். பந்தியில் பார்த்த ஆளை அங்கே பார்த்தால் என்ன பேசுவது? கும்பிடு போட்டேன், அவரும் போட்டார்.

பொடி பாக்கெட்டை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன், வாங்கித் தூக்கிப் போட்டுவிட்டார். மாமியாரிடம் ஆச்சி சொன்ன மாதிரி திட்டாமல் சொன்னேன். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டார். சுண்டவத்தல் குழம்பில் கசப்பு ரெண்டு விதமாக இருந்தது என்றேன். சிரித்துவிட்டார், எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம். என் வீட்டுக்காரி ஆச்சியிடம் போனில் பேசுகிறாள், என்ன பேசுகிறார்கள் என்று கேட்கக் கூடாதாம்.

மகளிடம் நானே சொல்லிவிட்டேன். தெரியும்ப்பா என்றாள்.

இனி கானாடுகாத்தான். குரூப்பில் கேட்டேன், போகாதே என்று சிலர், போ என்று சிலர். அண்ணன் நாலு விஷயம் சொன்னார், பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நாலில் ஒன்று வந்தாலே குடி பக்கத்தில் வந்து நிற்கும் என்று. எங்கள் வேலையில் ராத்திரி ரெண்டு மணிக்கு நாலும் ஒன்றாக வரும். அதனால் செட்டில் மாஸ்டரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன், ராத்திரி முறையில் என்னைப் பலகாரப் பக்கம் போடச் சொன்னேன், அங்கே பெண்கள் இருப்பார்கள், பாட்டில் வராது. பத்து மணிக்கு ஒரு தடவை, ரெண்டு மணிக்கு ஒரு தடவை கட்டாயம் சாப்பிடுவது என்று வைத்திருக்கிறேன். மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை, கொஞ்ச நேரம் கழித்து, அந்தக் கூட்டம் எந்தக் கிழமை என்று கேட்டார்.

ராத்திரி ரெண்டு மணிக்குப் போன் பண்ணுவேன் அண்ணே. எடுப்பீர்களா?

கோவிலூர் ரோடு எழுதியது:

எடுப்பேன். வெள்ளைப் பணியாரம் நாலு எடுத்து வையுங்கள், காலையில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.